வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள்?

வெளியூரிலிருந்து வரும் டிரங்க் காலில் சாவுச் செய்தி சொல்வது கஷ்டம். கத்தித்தான் சொல்லவேண்டும், கத்தித்தான் கேட்டுக்கொள்ளவேண்டும். போன மாதம் ஒரு நாள் காலை, பள்ளி அலுவலகத்தில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் "எப்போ? எப்போ?" என்று கத்தியதில், வராந்தாவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். மறுமுனையில் தென்காசியிலிருந்து ஓர் ஆண் குரல்.

"விசாலம் டீச்சர்தான பேசுதீங்க? நான் சங்கரலிங்கம் சாரோட தங்கச்சி மகன். மாமா நேத்து காலம்பற தவறிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக. டெல்லி ஸ்கூலுக்குச் சொல்லிரணும்னு அடிக்கடி சொல்லிக்கிட்டு இருந்தாக, அதான்."

அங்கே அவருக்குப் பொழுது எப்படிப் போயிற்று என்று கேட்டுவைத்தேன்.

"அது என்னமோ டீச்சர், இந்த ஊர்ல ஸ்வெட்டர் ஆரு போடுதா? ஆனா மாமா எப்பப் பாத்தாலும் உல்லன் நூலும் ஊசியுமாத்தான் இருப்பாக. நாற்காலியத் தலகீழாக் கவுத்துப் போட்டு, அது கால்ல நூல மாட்டிச் சுத்திக்கிட்டு இருப்பாக. எங்க வீட்டுப் பிள்ளைக சிரிக்கும்."

அவ்வளவில் லைன் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்ததைக் குற்றம் சொல்லமாட்டேன். நரைத்த மனிதர் ஒருவர் கவிழ்த்த நாற்காலியோடு மல்லுக்கு நின்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி எனக்குத் தெரியும். தென்காசியில் அதைச் சொல்ல ஆளில்லை. அதனால் அவரிடம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் படித்த உங்களுக்கும், குளிர்காலச் சனிக்கிழமைகளில் பள்ளி மைதானத்து ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்த உங்கள் அம்மாக்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டெல்லியின் இந்தத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே பழைய ஆள். தீபாவளிக்குக் கழுத்தில் ஏறும் மஃப்ளர் ஹோலிக்குத்தான் இறங்கும். கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மொட்டைமாடியில் பர்சாத்தி என்று சொல்லும் ஒற்றை அறையில் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மறந்துபோச்சு" என்று ஒரே பதில். அந்த வீட்டுக்காரப் பாட்டியம்மாவை எல்லோரும் பீஜி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் மாடியில் வெறுமனே வெயில் காய்வதைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர்ஜி, ஆம்பிளையா இருந்தா என்ன, கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும்" என்று இந்தியில் அதட்டி, இரண்டு ஊசியையும் கொஞ்சம் மெரூன் நூலையும் கையில் திணித்துவிட்டார்கள். அப்படித்தான் அவர் பின்னக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டதை மாடியோடு வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கும் கொண்டுவந்தார். இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பின்னுவார். ஆண் ஆசிரியர்கள் கேலி செய்யாத நாளில்லை. "என்ன சார், பேறுகாலம் எப்போ?" என்று ஒருவர் கேட்டார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மார்ச் மாசம் பிரிச்சிருவேன், குழந்தை தங்காது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. குளிர்காலம் முழுக்கப் பின்னுவதை வெயில் ஏறியதும் பிரித்துவிடுவார். பிரித்த நூலை லச்சியாகச் சுற்றி, அதாவது பெரிய வளையமாக்கி, அலசி, மாடிக் கொடியில் காயப்போட்டு, அடுத்த நவம்பரில் மறுபடி உருண்டையாக்கி முதலிலிருந்து தொடங்குவார். ஒன்றையாவது முடித்துவைக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "போட்டுக்க ஒரு ஆளு வேணும்லா டீச்சர்?" என்றார்.

லச்சியை உருண்டையாக்க இரண்டு பேர் வேண்டும் என்பது பின்னத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் கைகள் இரண்டையும் எதிரே நீட்டி அதில் நூலை மாட்டிக்கொண்டு உட்காரவேண்டும், மற்றவர் சுற்றவேண்டும். தனி ஆள் என்ன செய்வார்? நாற்காலியைக் கவிழ்த்து அதன் கால்களில் மாட்டிக்கொள்வார்.

எங்கள் பள்ளியில் அப்போது ஒரு குறை எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். பிள்ளைகளின் வீட்டுக்கும் பள்ளிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்பா காலையில் சைக்கிளையோ பஸ்ஸையோ பிடித்து செக்ரடேரியட் போய்விடுவார். அம்மாவுக்கு இந்தி வராது, பஸ் ஏறப் பயம். பிள்ளை தெருவில் இந்தி, வகுப்பில் தமிழ், வீட்டில் அம்மாவின் மாவட்டத்துத் தமிழ் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நாக்கு வைத்துக்கொண்டு வளரும். "அம்மாமார் எல்லாம் பூட்டின வீட்டுக்குள்ள இருக்காக டீச்சர். பிள்ளையும் நம்மகிட்ட பூட்டிக் கெடக்கு. சாவி ஆருகிட்ட இருக்கு?" என்பார் சார்.

ஒரு நவம்பரில், சனிக்கிழமை கணக்கு வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளை வீட்டிலிருந்தும் ஒருவர் வரவேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அதில்தான் வேடிக்கை. சனிக்கிழமை வந்தது, அப்பாக்கள் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், முகத்தில் மேலதிகாரி கூப்பிட்ட கலக்கம். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் பையனை வீட்டிலேயே நான்கு சாத்து சாத்திக் கூட்டிவந்துவிட்டார். இன்னொருவர் எழுந்து நின்று, "சார், இது சம்பந்தமா எனக்கு முன்கூட்டி எந்த மெமோவும் வரலை" என்று ஆரம்பித்தார். சங்கரலிங்கம் சார் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, உங்களை ஆரு கூப்பிட்டா? வீட்டுல இருக்கிறவுகளைக் கூப்பிட்டேன். நீங்க வீட்டுல எங்க இருக்கீக?" என்றார். அடி வாங்கின பையனை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அன்றைய வகுப்பை முடித்தார்.

அடுத்த வாரம் சொல்லியனுப்பியதை மாற்றினார். "அம்மா கையில என்ன வேலை வச்சிருக்காகளோ அதோட வரச் சொல்லு." டெல்லிக் குளிரில் நம் பெண்கள் கையில் என்ன வேலை இருக்கும்? அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெண்களோடு வெயிலில் உட்கார்ந்து, பாஷை தெரியாமலேயே பார்த்துப் பார்த்துக் கற்ற பின்னல்தான். முதலில் வந்தது கும்பகோணத்து மைதிலி மாமி. ஒரு கையில் பையன், மறுகையில் கூடை, பின்னால் துணைக்கு மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள். "பெஹன்ஜி இல்லாம எனக்கு பஸ் ஏறத் தெரியாது சார். அவளும் உக்காரலாமோல்லியோ?" என்று கேட்டார். "தாராளமா. வீட்டுல இருந்துன்னுதான சொன்னேன், ஒரே வீட்டுலன்னு சொல்லலியே" என்றார் சார். ஒரு மாதத்தில் ஜமக்காளம் போதவில்லை.

மைதானத்தில் வெயில் விழும் மூலையில் வகுப்பு நடக்கும். அம்மா பின்னுவாள், பக்கத்தில் பிள்ளை ஊசியில் ஏறியிருக்கும் நூல் கண்ணிகளை எண்ணும். நேர்ப் பின்னலுக்கு ஸீதா, மறுபுறத்துக்கு உல்டா என்று பஞ்சாபிகள் சொல்வதையே எல்லோரும் சொல்வோம். இரண்டு ஸீதா, இரண்டு உல்டா என்று போனால் நான்கு நான்காகக் கணக்கு. "உங்கம்மா அறுபத்திரண்டு போட்டிருக்காக. நாலு நாலாப் பிரி பாப்போம்." பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். "பதினஞ்சு தடவை சார், ரெண்டு மீதி." "மீதிய என்ன செய்யணும்?" மொத்த வகுப்பும் கத்தும்: "ஓரத்துல வைக்கணும்!" அம்மாக்களும் சேர்ந்து கத்துவார்கள். சார் முகம் அப்போது பார்க்க நன்றாக இருக்கும். "ஆமா. மீதின்னு தூக்கி எறிஞ்சிரப்படாது. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு இருந்தாத்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேத்துத் தைக்க வரும்."

அந்த வகுப்பில் வாய்ப்பாட்டை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் எல்லோருக்கும் வந்தது. அதைவிட, உல்டா ஒன்று தப்பினால் அம்மா முகம் எப்படிப் போகிறது என்று பிள்ளைகள் பார்த்தார்கள். அம்மாவும் தப்பு செய்வாள், பிரித்துவிட்டு மறுபடி போடுவாள் என்று தெரிந்துகொண்டார்கள். கணக்கில் தப்பினால் அழுகிற பிள்ளைகள் அந்த வருஷம் குறைந்தார்கள். நான் இதை வராந்தாவில் நின்றபடிதான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பின்ன வராது, எனக்கென்று அழைத்துவர வீட்டில் யாரும் கிடையாது. அண்ணன் நாக்பூருக்கு மாற்றலாகிப் போனபின் நானும் ஒற்றை அறையில் தனி ஆள்தான்.

சனிக்கிழமை வருகைப்பதிவு வித்தியாசமானது. பெயர் கூப்பிடமாட்டார். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, "வீட்டுல இருந்து ஆரு வந்திருக்கா?" என்று கேட்பார். அம்மா, அத்தை, சித்தப்பா, கீழ்வீட்டு ஆன்ட்டி என்று பதில் வரும். யாரும் வராத பிள்ளைகள் சாரின் இரு பக்கமும் உட்காரவேண்டும். அந்தப் பிள்ளைகளைக் கேட்டால், "நீங்க சார்" என்று சொல்லவேண்டும். அவரும் "ஆமா, நான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவார். முதலில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது. போகப்போகக் குறைந்தது. கடைசியில் செல்வி ஒருத்திதான் மிச்சம்.

செல்வியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம், அப்பா கட்டட வேலை, அம்மா வீட்டு வேலை, ரயில்பாதை ஓரத்துக் குடிசை. அம்மா வரவே இல்லை. வேலை நேரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சார் ஒருநாள் குடிசைக்கே போய்க் கேட்டார், என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு. செல்வியின் அம்மா தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.

"வரக்கூடாதுன்னு இல்ல சார். அங்க மைதிலி மாமி ஒக்காந்திருப்பாங்களே. நான் அவங்க ஊட்லதான் பாத்திரம் தேய்க்கிறேன். அந்தப் பாய்லயே நானும் போய் ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? அப்புறம் வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டா?"

சார் அவளுக்கு ஒரு தைரியமும் சொல்லவில்லை. நேராக மைதிலி மாமி வீட்டுக்குப் போனார். மாமி காபி கலந்து கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமி, சனிக்கிழமை இந்த டம்ளரை நீங்களே கழுவிக்கிடணும்" என்றார். மாமிக்குப் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னார். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்போ வரக்கூடாதுன்னேன்? என்னை என்னன்னு நெனச்சுண்டிருக்கேள் ரெண்டு பேரும்?" என்று எங்கள் இருவரையும் ஒரு பிடி பிடித்தார். படி இறங்கும்போது, எல்லாம் கெட்டது என்று நான் சொன்னேன். "கோவம் வந்திருச்சுல்லா, இனி யோசிப்பாக" என்றார் சார்.

அந்தச் சனிக்கிழமை மைதிலி மாமி கொஞ்சம் தாமதமாக வந்தார். பஞ்சாபி அம்மாள் இல்லை. செல்வியின் அம்மாவை மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்தார், பஸ்ஸிலிருந்து இறங்கியும் விடவில்லை போலிருக்கிறது. ஜமக்காளத்து ஓரத்தில் உட்காரப்போனவளை, "அங்கே என்ன? இங்கே வா, கையை நீட்டு" என்று எதிரே உட்காரவைத்து, புது லச்சியை அவள் கைகளில் மாட்டிச் சுற்றத் தொடங்கினார். மாமி வாய் ஓயவில்லை, கோபமும் முழுக்கப் போகவில்லை. செல்வி தன் அம்மா தோளில் சாய்ந்து நின்றுகொண்டு நூல் ஓடுவதைப் பார்த்தாள்.

சார் பதிவு எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். "செல்வி, வீட்டுல இருந்து ஆரு வந்திருக்கா?" "எங்கம்மா வந்திருக்கு சார்" என்று அவள் கூவியது வாசல்வரை கேட்டிருக்கும். அப்புறம், வாயாடிப் பெண் அல்லவா, உடனே திருப்பிக் கேட்டாள்: "சார், உங்க வீட்லேர்ந்து யாரு வந்திருக்காங்க?"

கேலிக்குக் கேட்கவில்லை. முறைப்படி அடுத்தது அவர்தானே. சார் சிரித்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இத்தனை சனிக்கிழமையும் அவர் பாடுபட்டது இப்படி ஒருநாள் வரவேண்டும் என்றுதான். அது வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை. "என் கதை இருக்கட்டும்மா, நீ கண்ணிய எண்ணு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து, இன்னும் சுற்றாமல் மிச்சமிருந்த தன் மெரூன் லச்சியை எடுத்தார். ஆசிரியர் நாற்காலியை மெதுவாகக் கவிழ்த்தார்.

நான் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தேன். யோசித்துச் செய்ததில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன், அவ்வளவு அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்து கைகள் இரண்டையும் நீட்டினேன். அவர் நூலை என் கைகளில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் பழக்கமில்லாததால் கைகளைக் கட்டைபோல் வைத்திருந்தேன். "ரொம்ப வெறைப்பா வைக்காதீங்க டீச்சர், நூலு அந்துரும். நான் இழுக்கிற பக்கம் கொஞ்சம் சாஞ்சு குடுங்க" என்றார். சாய்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அந்த லச்சிக்கு என் கைதான். உங்களில் சிலர் என்னென்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மைதிலி மாமி ஒருமுறை என்னிடம் நேராகவே, "ரெண்டு பேரும் தனித்தனியா வாடகை குடுத்துண்டிருக்கேளே" என்று சொல்லிப் பார்த்தார். சார் அப்படி எதுவும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை அந்த அரைமணி நேரத்துக்காக நான் நவம்பரை எதிர்பார்த்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

சார் ஓய்வுபெற்ற சமயத்தில் பீஜி வீட்டை விற்றுவிட்டார்கள், தங்கை கூப்பிட்டாள், அவர் ஊருக்குப் போனார். ரயிலடியில், "அங்க குளிர் கிடையாதே, இந்த நூலை என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும்லா" என்றார். அவர் போனபின் இரண்டு குளிர்காலம் சனிக்கிழமை வகுப்பை நான் நடத்திப் பார்த்தேன். கடையில் மெஷின் ஸ்வெட்டர் வந்துவிட்டது, அம்மாக்களில் பாதிப்பேர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், உட்கார ஆளில்லாமல் ஜமக்காளம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பிறகு அதை மடித்துவைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பள்ளியின் பெரிய ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தோம். மேஜைமேல் அவர் படம், மாலை. முன்வரிசையில் குடும்பத்தாருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். செல்வி இப்போது புனேயில் இருக்கிறாள், வர முடியவில்லை. மைதிலி மாமி கோலூன்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புதிய தலைமையாசிரியைக்குச் சாரைத் தெரியாது. மைக்கின் முன் நின்று முறைப்படி கேட்டார்: "மறைந்த ஆசிரியரின் வீட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா?"

தலைமையாசிரியை இன்னொரு முறை கேட்டார். மைதிலி மாமி கோலால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னடி உக்காந்துண்டிருக்கே? அந்த நாற்காலி காலியா இருக்கலாமோ?"

எழுந்தேன். "நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவர் நூலோ ஊசியோ என்னிடம் இல்லை, எல்லாம் தென்காசியில் இருக்கிறது. எனக்கு இன்னமும் பின்ன வராது. ஆனால் கைகள் இரண்டையும் நீட்டி, விறைக்காமல், எதிரில் இருப்பவர் இழுக்கிற பக்கம் சாய்த்துக் கொடுக்கத் தெரியும். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது ஒன்றுதான். எதிரில்தான் ஆளில்லை.